நோவாவுக்கு 969 மகன்கள்

கண்ணுங்களா, திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டி முடித்தாயிற்று. நடந்தது எப்படி என்று எனக்கே புரிய வேண்டும், அதற்காகத்தான்.

நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் நாலு பேருக்கும் தனித்தனிப் பெயர் போட்டு, என் பெயருக்குப் பாஸ்வேர்டும் வைத்தேன். சங்கராபுரம் மாதா கோயிலில் மறைக்கல்விப் பரிசுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் அடிப்பவன் நான். எழுதுகிறவர்களில் நீங்கள் இருவரும் உண்டு. போன வருஷமே, மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு தகப்பனார் எல்லார் முன்னும் கேட்டுவிட்டார்: “கேள்வியும் உங்க வூட்ல, பரிசும் உங்க வூட்டுக்கா?”

அதனால் இந்த முறை நானே சொன்னேன்: “எம் பசங்க கேள்வியப் பாத்ததா தெரிஞ்சா, இந்த வேலையே எனக்கு வேணாங்க.” பாஸ்வேர்டு அடிக்கும்போது கையைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை, ஏழாவது கேள்வி கடினமாகத் தோன்றியது. மெத்துசேலா எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்பதை எடுத்துவிட்டு, நோவாவுக்கு எத்தனை மகன்கள் என்று மாற்றினேன்.

ஞாயிறு பூசைக்குப் பின் தேர்வு. அங்கேயே விடைத்தாள் திருத்திய சாமியார், மகனே, உன் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “நோவாவுக்கு மகன்கள் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது!” அக்காவின் தாளிலும் அதே கணக்கு. அது மெத்துசேலாவின் வயசு; நான் மாற்றுவதற்கு முன்னிருந்த ஏழாவது கேள்விக்கு விடை.

மலையிலிருந்து வந்தவர் எழுந்தார். “அத்தினி பேருக்குப் பேழையில எடம் ஏது சாமி? ஆடு மாடெல்லாம் பின்னால நீந்திக்கினு வந்துச்சா?”

மகளே, நீ எழுந்து அழுதுகொண்டே சொன்னாய்: “பாஸ்வேர்ட நாங்க தொடவே இல்லப்பா. அது கேட்டுச்சு. மூலையில இருக்கிற எஸ்கேப் பட்டன அமுக்கினோம், தொறந்துக்கிச்சு.”

“இன்னாடி சொல்ற?”

“அது சும்மாப்பா, நீங்க கையத் துண்டால மூடினதும் சும்மாதான். யாரோட படத்தத் திரையில வெக்கறதுன்னுதான் பேர் கேக்குது. உள்ள எல்லாம் எல்லாருக்கும் தெரியும்.”

சாமியார் என்னைப் பார்த்தார். “கதவப் பூட்டினீங்க சரி. செவுரு எங்கங்க?”

“துண்டு வேற போத்தினாராம் சாமி,” என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

சொன்ன சொல்படி, வேலையை விடுகிறேன் என்றேன். மலைக்காரரே கையை ஆட்டினார். “இருங்க, இருங்க. பசங்கள மாட்டிவுட்ட கேள்வியும் நீங்க எழுதினதுதான? அடுத்த வாரம் மறுபடி வெக்கட்டும், நீங்களே எழுதுங்க. ஆனா கையால.”

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, இருபது கேள்வியையும் நோட்டில் கையால் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவி இல்லாமலே கைப்பிடியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன்.