மிஷினுக்கு என்ன கேடு

நான் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் மண் என்றால் மணல்தான். அதில் புல் முளைத்து நான் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக் கொடுத்ததோ கருங்கல் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு விளைக்கு நடுவில் இருந்த வீட்டில். தென்னையும் வாழையும் நிற்கும் தோட்டத்தை இங்கே விளை என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். இன்றைக்கு வெட்டினால் அடுத்த வாரம் புல் கணுக்காலுக்கு வரும், அதற்கடுத்த வாரம் முழங்காலுக்கு. கல்யாணம் முடிந்து வந்த முதல் மழையில், துணி துவைக்கும் கல்லுக்குப் போகிற வழியில் புல்லுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. சாரையா விரியனா என்று நின்று விசாரிக்க நான் என்ன பைத்தியமா? அன்றிலிருந்து அந்த வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணத்துக்காக லீவில் வந்தவர் ஐம்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தபோது ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். மற்ற வளைகுடாக்காரர்கள் பெண்டாட்டிக்கு சென்ட் கொண்டுவருவார்கள். எனக்கு வந்தது கரண்டில் ஓடும் புல் வெட்டும் மிஷின். மேலே பிடியும் சுவிட்சும், கீழே வட்டமாக ஒரு தலை. அந்தத் தலையிலிருந்து ஒரு சாண் நைலான் நூல் எட்டிப் பார்த்தது.

“கத்தி எங்க?” என்று கேட்டேன்.

“கத்தியே கெடையாதுட்டி. சுத்துத வேகத்துல நூலே வெட்டும். நூலு தேஞ்சா தலையைத் தரையில ஒரு தட்டு தட்டணும். உள்ள இருந்து புது நூலு வரும்.”

லீவு இருந்த நாற்பது நாளும் மனிதர் மூன்று நாளைக்கு ஒருமுறை வெட்டினார். புல் இல்லாத இடத்தையும் வெட்டினார். முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் காற்றுத் துவாரங்களில் அடைத்த புல்லைப் பழைய டூத் பிரஷால் தட்டி எடுத்து, கொட்டகைச் சுவரில் மாட்டி வைப்பார். விமானம் ஏறும் முன்பு என்னையும் பழக்கிவிட்டார். ஒரே ஒரு கட்டளைதான்.

“எதாவது கேடு வந்தா திறக்கப்பிடாது கேட்டியா? நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானம் போன் வரும். முதல் கேள்வியே “மிஷினு ஓடுதா?” என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் விலாவாரியாகச் சொல்வேன். எவ்வளவு தூரம் வெட்டினேன், நூல் எத்தனை தடவை தட்டினேன், கரண்ட் எப்போது போனது. அந்த வருஷங்களில் கரண்ட் மணிக்கணக்கில் போகும். வந்த நேரத்தில் நைட்டிக்குள் அவருடைய பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஓடிப் போய் வெட்டுவேன். அதைச் சொன்னால் சிரிப்பார். சிரித்து முடித்ததும் பேச்சும் முடிந்துவிடும். எங்களுக்குப் பேச வேறு என்ன இருந்தது? சேர்ந்து வாழ்ந்ததே தொண்ணூறு நாள்தான். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் யாராவது “விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்று கேட்பார்கள். ஆளே ஊரில் இல்லாமல் விசேஷம் தபாலிலா வரும் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காமல் வந்துவிடுவேன்.

ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய மிஷின் பிறகு மக்கர் பண்ணத் தொடங்கியது. ஓட்டிய இரண்டாவது நிமிஷத்தில் நூல் படக்கென்று ஒடிந்துவிடும். தட்டினால் வரும், மறுபடி ஒடியும். போனில் சொன்னேன்.

“நூலு கெட்டுப் போச்சு. நான் டிசம்பர்ல வரும்போ புதுசு கொண்டாறேன்.”

டிசம்பருக்கு ஐந்து மாதம் இருந்தது. புல்லுக்கு அது தெரியுமா? குளச்சல் பக்கம் இருக்கிற என் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கடல் தொழில் செய்கிறவன். மிஷினைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏட்டி மக்கா, இது நம்ம தங்கூசியில்லா! இதையா மஸ்கட்டுக்குப் போன்ல சொன்ன?”

தங்கூசி என்றால் எங்கள் கரையில் மீன்பிடிக்கிற நைலான் நூல். சுறாத் தூண்டிலுக்குப் போடுகிற தடித்த தங்கூசியில் ஒரு கட்டு கொண்டுவந்து தந்தான். பழைய நூலையும் நெரித்துப் பார்த்தான். கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் காய்ந்து முறுகிவிட்டது, வெயில் படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும், போடும் முன்பு ஒருநாள் தண்ணீரில் ஊறப்போடு என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பொருள் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டதே!

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. தங்கூசி சுற்ற எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? சின்ன வயதிலிருந்து அப்பாவின் தூண்டில் கட்டையில் சுற்றியவள். மிஷின் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த உருளையின் துளையில் நூலின் முனையைக் கோர்த்து, ஏழு கடல் சேர்ந்து இழுத்தாலும் அவிழாத தூண்டில் முடிச்சைப் போட்டேன். கை பழகிய பக்கமாக விறைப்பாகச் சுற்றி மூடினேன். போட்டால் நன்றாக வெட்டியது. நூல் தேய்ந்ததும் தட்டினேன். வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். வெளியே இருந்த மிச்சமும் உள்ளே போய்விட்டது. நானும் விடவில்லை. நூல் இல்லாத தலையை வைத்துக்கொண்டு தரையில் மோதிக்கொண்டே இருந்தேன். மோட்டார் பக்கம் நீலமாகப் பொறி பறந்தது. கருகிய வாசம் வந்தது. மிஷின் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மிஷின் நின்றதை மட்டும் சொன்னபோது அவர் திட்டவில்லை. “திறக்காத. டிசம்பர்ல நான் பாத்துக்கிடுதேன்” என்றார். குரலில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. எனக்கும்தான். கேடு பெரிதாக இருந்தால் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். வாரா வாரம் மிஷினின் கேட்டைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். புல் முழங்காலைத் தாண்டியது. நான் துணியை வீட்டுக்குள்ளேயே துவைத்தேன்.

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளி அவர் சொன்னார், “இந்த டிசம்பர் நடக்காதுட்டி. கம்பெனியில வேற ஆளுக்கு லீவு குடுத்துட்டானுவ. அடுத்த ஜூன்ல பாப்பம். மிஷினை அப்படியே வெச்சிரு.”

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. புல் காலில் உரச உரச நடந்தேன். பாம்பு கடித்தால் கடிக்கட்டும் என்ற கோபம். திரும்பி வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

தலையைத் திறந்தபோதுதான் உருளையின் மேல் ஓர் அம்புக்குறி இருப்பதைப் பார்த்தேன். இந்தப் பக்கமாகச் சுற்று என்று அது காட்டிக்கொண்டிருக்க, நான் கடற்கரைப் பழக்கத்தில் நேர் எதிராகச் சுற்றியிருக்கிறேன். அதனால்தான் தலை சுழலச் சுழல நூல் உள்ளே போயிருக்கிறது. நான் போட்ட முடிச்சு வேறு அடியில் குண்டாக நின்று, மேலே சுற்றிய நூலையெல்லாம் மேடு தட்ட வைத்திருந்தது. சூட்டில் நூல் ஒன்றோடொன்று ஒட்டியும் போயிருந்தது. கத்தியால் கீறி எடுத்துவிட்டு, முடிச்சில்லாமல் முனையை மடக்கி மட்டும் சொருகி, அம்பு காட்டிய பக்கமாகச் சுற்றினேன்.

மோட்டாரையும் திறந்தேன். துவாரமெல்லாம் புல்லும் தூசியும். உள்ளே சுழலும் பாகத்தை உரசிக்கொண்டு நிற்கிற கார்பன் துண்டுகள் இரண்டும் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. கைக்குட்டையில் முடிந்துகொண்டு கருங்கல் சந்தைப் பக்கம் மிக்ஸி ரிப்பேர் செய்யும் கடைக்குப் போனேன்.

“மிக்ஸிக்கா?” என்றார் கடைக்காரர்.

“இல்ல, புல்லுக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரியான அளவு அவரிடம் இல்லை. கொஞ்சம் பெரியதைத் தந்து உப்புத்தாளில் தேய்த்துப் போடச் சொன்னார். தேய்த்தேன், போட்டேன், ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் பிளக்கைச் சொருகினேன். உறுமிக்கொண்டு ஓடியது. நூல் கேட்டபோதெல்லாம் வந்தது. சாயங்காலத்துக்குள் விளை முழுக்க வெட்டித் தள்ளினேன். வெட்டி முடித்தும் மனசு அடங்கவில்லை.

அடுத்த வெள்ளி போன் வந்தது.

“மிஷினு எப்பிடி இருக்கு?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கோபம் விடவில்லை. “ஓடுது. நான் திறந்துட்டேன். நூலு மாத்தினேன், கார்பன் மாத்தினேன். விளை ஒக்க வெட்டியாச்சு.”

“கொள்ளாம், நல்ல வேலை” என்றார். பிறகு, சிரிக்கிற மாதிரி, “அப்பம் இனி நான் வந்து அங்க என்னத்த செய்ய?” என்றார்.

அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே வேலையை நான் பிடுங்கிவிட்டேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

“மிஷினுக்கு ஆள் வேணும்னா கருங்கல்ல கெடைக்கும். எனக்கு நீங்கதானே வரணும்?”

இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் மிஷினைத்தான் முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

“ஒனக்கு என்னட்டி கேடு?” என்றார். அதட்டலாக இல்லை. மிஷினுக்குக் கேட்பாரே, அதே பொறுமையோடு கேட்டார்.

மிஷினுக்கு என்றால் கடகடவென்று சொல்லியிருப்பேன். நூல் வரவில்லை, பொறி பறக்கிறது, கருகின வாசம் வருகிறது என்று. எனக்கு என்றபோது அழுகைதான் வந்தது. அழுதேன். அவருடைய போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்து போகும்வரை அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரத்தில் மறுபடி மணி அடித்தது. ஒரே நாளில் இரண்டு தடவை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

“நாளைக்கு ஆபீசுல போயி கேக்கேன். தந்தா லீவு, தரல்லேன்னா வேலையை விட்டுட்டு வாறேன்.”

“வந்து என்ன செய்வீங்க?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்.

“தெரியாதுட்டி,” என்றார். “சும்மா இருக்கேன்.”