சாமிப்படத்து மயிலிறகு

மகள் நகப்பூச்சுப் போத்தலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வெரிபீ என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜ் மணக்கும். இப்போது அங்கே ஒட்டிக்கட்டிய மாடிவீடுகள். அன்று சனிக்கிழமைகளில் ரேடியோ கரகரக்க, அப்பா சின்னக் கிடுக்கியில் தூண்டில் முள்ளைப் பூட்டி, இறகும் நூலும் சுற்றி, சால்மன் மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி கட்டி, முடிச்சின்மேல் அம்மாவின் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்து, அது காயும்வரை ஊதிக்கொண்டிருப்பார். மயிலிறகு இழை இருந்தால் மீன் விடாது என்று அவர் ஒருநாள் முணுமுணுக்க, நான் முருகன் படத்தில் செருகியிருந்த இறகில் பாதி இழையை உருவி, பள்ளிக்கூடத்தில் ஒருத்தி தந்தாள் என்று கொடுத்தேன்.

அடுத்த சனி ஏரியில் சால்மன் பட்டது. இரவுச் சாப்பாட்டில் அப்பா பெருமையாகக் காட்டிய பூச்சியை அம்மா உற்றுப் பார்த்தார்.

"முருகனுக்கு வைச்சதிலயோ மீன் பிடிச்சனீங்கள்?"

அப்பா ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"ஓம், நான்தான் எடுத்தனான்."

அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அப்பா பூச்சியே கட்டவில்லை என்பதெல்லாம் பின்கதை. அந்த மேசையில் நான் செய்தது ஒன்றுதான்: தலையைக் குனிந்தபடி, இன்னொரு துண்டு மீன் கேட்டேன்.