பாக்கி மூன்று ரவுண்டு

உலகத்தின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள் அத்தனை பேரும் இனயம் என்ற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டு முற்றத்து மணலில் வந்து அடிபட்டிருக்கிறார்கள். ஒருவர் செத்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும், இன்னொருவர் நேற்றுத்தான் ஓய்வு பெற்றிருப்பார். அதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வளைகுடாவில் கார் ஓட்டிக்கொண்டிருந்த மாமா லீவில் வரும்போதெல்லாம் பழைய சண்டைகள் நிறைந்த டிவிடிகளைக் கொண்டுவருவார். பார்த்து முடித்ததும் யாரோடு யாரை மோதவிடுவது என்று வீடு இரண்டாகப் பிரியும்.

அவர்கள் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. அப்பாவின் ஆள் கறுப்பு வெள்ளைக் காலத்தவர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். அவருக்குத் துள்ளுக்காலன் என்று பெயர் வைத்திருந்தோம். மாமாவின் ஆள் அதற்கு முப்பது வருடம் பிந்தியவர். தோளுக்கு மேலே நேராகத் தலைதான். அவர் குட்டைக்கழுத்தன். இரண்டு பேரும் நல்ல வயதில் ஒரே மேடையில் ஏறியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

தீர்ப்பு சொல்வது அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. சும்மா சொல்லமாட்டார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பேராகவும் தானே நின்று, ரவுண்டு ரவுண்டாக நடித்துக் காட்டுவார். சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் மணி அடிப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தடவை ஆழ்கடலில் மீன்பிடிக்க அப்பா போகவேண்டிய போட்டில்தான் சித்தப்பா போனார். சுறாவுக்குப் போடும் தூண்டில் முள் ஏறி அப்பாவின் உள்ளங்கை பழுத்திருந்தது. சித்தப்பா பையைத் தோளில் மாட்டியபோது பதினைந்தில் பன்னிரண்டு ரவுண்டு முடிந்திருந்தது. குட்டைக்கழுத்தனுக்கு ஒரு கண் வீங்கியிருந்தது, துள்ளுக்காலனுக்கு மூச்சு வாங்கியது. "மூணு ரவுண்டு பாக்கி கெடக்கட்டு. வந்துட்டு சொல்லுகேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபது நாளில் திரும்பவேண்டிய போட்டு இருபத்தைந்தாம் நாளும் வரவில்லை. நடுவில் காற்று மாறியிருந்தது. கூடப் போன போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துவிட்டன. அப்பா போட்டு முதலாளி வீட்டுக்கு வயர்லெஸ்ஸில் செய்தி உண்டா என்று கேட்கப் போவார், வருவார், செருப்பைக் கழற்றாமலே திரும்பவும் போவார். அம்மா பெருக்கின முற்றத்தையே பெருக்கினாள். ஜெபமாலையைப் பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அழுவதற்கு மட்டும் யாரும் துணியவில்லை.

ஆனால் அப்பாவும் மாமாவும் அந்தச் சண்டையை விடவில்லை. இரண்டு நிமிடம் சேர்ந்து உட்கார்ந்தால் அதே பேச்சுதான்.

"பதிமூணாவது ரவுண்டுல ஒம்ம ஆளுக்குக் காலு இழுக்கும் அத்தான், பாத்துக்கிடும்" என்பார் மாமா.

"ஏலே, காலு இழுக்க அவன் என்ன ஒன்னப் போல கார்ல இருந்தே காலத்தக் கழிச்சவனா? தம்பி வரட்டு. அவன் சொல்லட்டு."

"வரட்டு. அவன் சொன்னா நான் ஒத்துக்கிடுகேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தப்பாவைக் காணோம், இவர்களுக்குக் குத்துச்சண்டை கேட்கிறது! இந்த வழக்கைத் தீர்த்துவைத்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சித்தப்பாவைத் தேடப் போவார்கள் என்று நினைத்தேன். பத்து வயதில் அது எனக்கு நல்ல யோசனையாகவே பட்டது.

பக்கத்து டவுனான கருங்கலில் ஒரு பிரவுசிங் சென்டரில் குத்துச்சண்டை விளையாட்டு இருப்பது அண்ணனுக்குத் தெரியும். எந்தக் காலத்து சாம்பியனையும் எந்தக் காலத்தவரோடும் மோதவிடலாம். நாம் கையை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டரே இரண்டு பேரையும் ஆட்டும். பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் பஸ் ஏறினோம். டிவிடி அட்டையில் பார்த்த முகங்களை வைத்து இரண்டு பேரையும் தேடிப்பிடித்தோம். மணியையும் கம்ப்யூட்டரே அடித்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. பதினாலாவது ரவுண்டில் குட்டைக்கழுத்தன் விழுந்தார், எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதே ரஃப் நோட்டுத் தாளில் முடிவை எழுதிவிட்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே நல்ல செய்தி அது. முற்றத்தில் மாமாவோடு நின்றுகொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய் நீட்டினேன்.

"அப்பா, தீந்துட்டு! பதினாலாவது ரவுண்டுல ஒங்க ஆளு ஜெயிச்சாச்சு. இனி சித்தப்பாட்ட கேக்கவே வேண்டாம்."

அப்பா தாளைப் படித்தார். படித்துவிட்டு, கட்டுப்போட்ட கையாலேயே என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. "யாருட்டி ஒன்னத் தீக்கச் சொன்னது?" என்று கத்தினார். கட்டுத்துணியில் ரத்தம் ஊறி வந்தது.

மாமா அந்தத் தாளை வாங்கி, படிக்காமலே சுக்கலாகக் கிழித்தார். "கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் அத்தான்? இது செல்லாது. மூணு ரவுண்டும் அப்படியேதான் கெடக்கு."

அப்பா மணலில் உட்கார்ந்து தெருவே கேட்க அழுதார். அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

முப்பத்தோராம் நாள் காலையில் வடக்கே ரத்தினகிரித் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. எஞ்சின் கெட்டு நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்த போட்டை வேறு போட்டுக்காரர்கள் கட்டி இழுத்து அங்கே கரை சேர்த்திருந்தார்கள். சித்தப்பா கறுத்து மெலிந்து, உதடெல்லாம் வெடித்து வந்து சேர்ந்தார். இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, "ஏட்டி, தட்ட எடு. பதிமூணாவது ரவுண்டு!" என்றார்.

நான் தட்டும் கரண்டியுமாக ஓடினேன். அப்பா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இப்பம் வேண்டாம்டே. அது அங்கன கெடக்கட்டு."

"முடிவு தெரிய வேண்டாமாண்ணே?"

"வேண்டாம்" என்றார் அப்பா. தன் ஆளுக்காக உயிரையே விடுகிற மாமாவும் கூடச் சேர்ந்து தலையாட்டினார். சித்தப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த தடவை சித்தப்பா கடலுக்குக் கிளம்பியபோது அப்பா தெருமுனைவரை கூடப் போய், "மூணு ரவுண்டு பாக்கி இருக்குடே" என்று ஞாபகப்படுத்தினார். இப்போது நான் வேலைக்காகச் சென்னைக்கு ரயில் ஏறும்போதும் ஜன்னலோரம் நின்று அதையேதான் சொல்கிறார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு, ரயில் நகர்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரே சந்தேகம்தான். ஜெயித்தது அப்பாவின் ஆள்தானே, அதற்கு எதற்காக எனக்கு அடி விழுந்தது?