எம்எல்ஏ வீட்டுக் கரும்பலகை

ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்தால் ஒரு வாசனை வரும்... மழை பெய்து ஓய்ந்த சிமெண்ட் தரை மாதிரி.

டிகிரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஆந்திராவில், சித்தூரில் எங்கள் எம்எல்ஏ வீட்டில் மனுக்களை டைப் அடிப்பது, வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் பெங்களூருக்கும் சென்னைக்கும் ரயிலேறிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தால் அமெரிக்காவே போகலாம் என்று ஊரே பேசிய காலம். என் கையில் சாக்பீஸ்.

எம்எல்ஏ பழைய காலத்து மனிதர். நெற்றியில் நாமம், காலில் டயர் செருப்பு. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் கூடாது. ஐந்தரைக்கு மேல் பெண்பிள்ளை ஆபீசில் இருக்கக் கூடாது. "சர்க்காரு சின்னதா இருக்கணும், செஞ்சத சொல்லணும்." இவ்வளவுதான் அவர் கொள்கை. சட்டசபையில் மந்திரிகளிடம் அதையே கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் தலைவலி கொடுத்தார்.

அடுத்தவனைக் கேட்பதற்கு முன் நாம் சொல்ல வேண்டும் என்றுதான் அந்தப் பலகையையும் வைத்தார். எம்எல்ஏ எத்தனை மணிக்கு எங்கே போனார், யாரைப் பார்த்தார், என்ன ஆயிற்று... மதியம் இரண்டுக்கு ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை எழுத வேண்டும். இடப்பக்கம் தெலுங்கு, வலப்பக்கம் தமிழ்.

"பாப்பா, நடந்தத மட்டும் எழுது. அலங்காரம் வேணாம்" என்பார்.

பாலசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர் ஓடையில் ஒரு பாலம் பாதியில் நின்றிருந்தது. இரண்டு தூண் மட்டும். காக்கா உட்காருவதற்குக் கட்டியது போல. "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு இன்ஜினியர் அங்க வந்து, ஏன் நின்னுச்சுன்னு ஜனங்க முன்னால சொல்லணும். நானும் வரேன்" என்று எம்எல்ஏ உத்தரவு போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மச்சான் வீட்டில் கேழ்வரகுக் களி. கூடவே கோழிக்குழம்பு. சாப்பிட்டு வீட்டுக்கு வந்த எம்எல்ஏ, "அஞ்சு நிமிஷம்" என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்.

அவரை எழுப்பும் தைரியம் யாருக்கும் கிடையாது. பிஏ சேகர் அண்ணன் இரண்டு முறை இருமிப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே ஒரு சொம்பைக் கீழே போட்டார். குறட்டை ஒரு நொடி நின்றது... பிறகு வேறு சுருதியில் ஆரம்பித்தது.

மணி இரண்டு. நான் சாக்பீஸோடு நின்றேன்.

"ஐதராபாத்துல இருந்து அவசர போன்னு எழுதும்மா" என்றார் சேகர் அண்ணன்.

"போன் வரலியே அண்ணா."

"வந்துச்சுன்னா வந்துச்சு. உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும். ரொம்பவே வேண்டும். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் பலமநேரில் இருக்கும் மாமா பையனுக்குக் கட்டிவைக்க வீட்டில் தயாராக இருந்தார்கள். அவன் பேச ஆரம்பித்தால் ஆடு கூட எழுந்து போய்விடும்.

ஆனால் அந்த ஓடைக்கரையில் காலையிலிருந்து காத்திருந்தவர்களில் என் அப்பாவும், என் நைனாவும், ஒருவர். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சித்தூர் வரும்போதெல்லாம் அந்தப் பலகையில் என் கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தொடாமல் தொட்டுப் படிப்பார். அதே எழுத்தில் பொய்யை எப்படி எழுதுவது?

எழுதினேன். 'காலை 10 முதல் 2 வரை: தூங்கினார்.'

சேகர் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் தெருவை அதிரவைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்து நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள். நடுவில் இன்ஜினியர்! ஓடிவிடுவார் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாழ்நாளில் முதல்முறை சொன்ன நேரத்துக்கு வந்த மனிதர், பாவம்.

பலகையை முதலில் பார்த்தது அவர்தான். சத்தமாகப் படித்தார், இரண்டு மொழியிலும். கூட்டம் சிரித்தது. நைனா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிராக்டர் சத்தத்தில் விழித்த எம்எல்ஏ, வேட்டியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். படித்தார். சிரிப்பு நின்றது.

"இது யாரு எழுத்து?"

"என்னுதுதாங்க சார்."

"தப்பா எழுதிக்கீற."

எனக்குப் பலமநேர் கண்ணில் தெரிந்தது.

அவர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, இரண்டை அடித்துவிட்டு இரண்டரை என்று எழுதினார். "இப்பத்தான எழுந்தேன். ரெண்டுன்னா எப்புடி?" கீழே கையெழுத்தும் போட்டார்.

பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "நான் தூங்கிக்கினு இருந்தேன், ஒத்துக்கினேன். இப்ப நீ சொல்லு. பாலம் ஏன் நின்னுச்சு?"

இன்ஜினியர் தெலுங்கில் முணுமுணுத்தார்.

"மெதுவா சொல்லாத. தமிழ்ல சொல்லு, அல்லாருக்கும் கேக்கட்டும்."

"ஃபைலு... என் டேபிள்மேலதான் சார் கீது."

"அதுவும் தூங்கிக்கினு கீதா? பாப்பா, அதையும் எழுது."

எழுதினேன். அடுத்த மழைக்கு முன் பாலம் முடிந்தது. அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஊரெல்லாம் சாய்வு நாற்காலி படம் ஒட்டினார்கள். எம்எல்ஏ தோற்றுப்போனார். அன்றைக்கும் பலகையில் எழுதச் சொன்னார்: 'தோற்றார். 4 மணிக்குத் தூங்கப் போனார்.'

பிறகு நானும் பெங்களூருக்கு ரயிலேறினேன்.

போன மாதம் அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்துவிட்டது. இங்கிருந்தே போனில், சர்க்கார் ஆப்பில் புகார் போட்டேன். ஆபீசுக்குப் போக வேண்டாம், வரிசை இல்லை, மனு இல்லை. மூன்றாம் நாள் பச்சை டிக் வந்தது: 'தீர்க்கப்பட்டது.'

நைனாவுக்குப் போன் போட்டேன். "செவுரு கட்டிட்டாங்கன்னு போன்ல வந்திருக்கு, நிஜமா நைனா?"

"எவனும் வரலியேம்மா. கட்டிட்டாங்கன்னு யாரு எழுதினது?"

அந்தப் பச்சை டிக்கை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்... இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். யாருடைய கையெழுத்தும் இல்லை.