சிவப்புக் குழாய்

எங்கள் கட்டடத்தில் கீழே இரண்டு மாடி கார்கானாக்கள், அதாவது சின்னப் பட்டறைகள்; மேலே வீடுகள். இப்படிக் கலந்து கட்டினால், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் பீச்சும் ஸ்பிரிங்க்ளர் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். முன்பு தாராவிச் சந்தில் குடத்தண்ணீருக்கு மண்டையை உடைத்துக்கொண்ட எங்கள் தலைக்கு மேல், தண்ணீர் நிறைந்த சிவப்புக் குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம் எங்கள் தையல் கார்கானாவில் இஸ்திரி மேசை பற்றிக்கொண்டது. உள்ளே என் மனைவி மட்டும்தான். நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது துணிக்கட்டுகள் எரிந்தன. கூரையில் ஸ்பிரிங்க்ளரின் கண்ணாடிக் குமிழ் பட்டென்று உடைந்து, ஒரு வாய் துருத்தண்ணீரைக் காறித் துப்பிவிட்டு நின்றுபோனது. அவள் வெறும் கையால் தீயை அடித்துக்கொண்டிருந்தாள். முடியைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தேன். முழங்கைவரை தோல் உரிந்து தொங்கியது. பிழைப்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு சாயங்காலம் திரும்பினேன். தண்ணீர் வால்வு மூடிக் கிடந்தது என்றார் தீயணைப்பு அதிகாரி. அதன் சாவி கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரியிடம் இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து அவர் தலையைச் சுவரில் மோதினேன். உதடு கிழிந்து ஒரு பல் விழுந்தது.

"அடிக்காதல," என்றார், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "பொங்கலுக்கு மூடச் சொன்னதே ஒம் பொண்டாட்டிதாம்ல. பாசேஜ்ல வெறகு பொகைஞ்சா மேல இருந்து தண்ணி பீச்சும், பால் பொங்குததுக்கு முந்தி அடுப்பு அவிஞ்சிரும்னா."

அவள் சொல்லக்கூடியவள்தான். அது தெரிந்ததால்தான் இன்னும் ஓங்கிக் குத்தினேன். ஒரு காலைப்பொழுதுக்கு மூடச் சொன்னாள். பொங்கி முடிந்ததும் திறக்க இவருக்குக் கை இல்லையா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எங்களைப் பிரித்துவிட்ட அதிகாரி சலித்துக்கொண்டார். குமிழ் சூட்டில்தான் உடையுமாம். புகைக்கு ஒரு சொட்டும் விழுந்திருக்காதாம்.

இரண்டு நாள் கழித்து அவள் பேசினாள். இரண்டு கைகளிலும் தோள்வரை கட்டு.

"ஏங்க, தண்ணி ஏன் வரல?"

"மேல தண்ணி டாங்கி காலியாம். செக்ரட்டரி ரொப்பாம விட்டுட்டான்."

"வெளங்காமப் போவான்," என்றாள்.

"ஆமா," என்றேன்.