மாமாவின் கேசட்டுகளுக்கு நான் வைத்த பொட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்களைத் தள்ளிவிட்டேன். இரண்டு தடவை நோட்டை எடுத்து, பாதியில் கிழித்தும் போட்டேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பொய் இல்லை, மாரியம்மன் சாட்சி.

இன்று என் வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய வீடியோ கேம் கேசட்டுகள் இருக்கின்றன. டிவியில் மாட்டி ஆடும் பழைய செட்டுகள் மூன்று, வயர் அறுந்த ஜாய்ஸ்டிக்குகள், அட்டை போன கேம் பத்திரிகைகள் ஒரு கட்டு. “ஊர்ப் பொம்பளைக பாத்திரம் சேக்குறாளுக, எனக்கு வாய்ச்சவ ஓட்டைக் கேசட்டு சேக்குறா” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கு அதில் ஆடக்கூடத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அம்மாவின் தம்பி எங்களோடு ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் இருந்தார். தேயிலை ஃபாக்டரியில் தினக்கூலி. பங்களாவில் வேண்டாம் என்று ஒதுக்கியது, டூர் வந்த பிள்ளைகள் உடைத்துப் போட்டது, பழைய சாமான் கடையில் கிடந்தது என்று கேம் செட்டும் கேசட்டுமாகப் பொறுக்கி வருவார். அதற்குள் உலகம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் போய்விட்டது. மாமா மட்டும் செத்துப்போன செட்டைப் பிரித்து, பற்றவைத்து, உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்திரிகைகள் எல்லாம் இங்கிலீஷ். நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, அவர் படத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

ஃபாக்டரி அந்த வருஷம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் எர்ணாகுளத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் மாமாவின் சேகரிப்பைப் பார்த்து அசந்துபோனார். இந்த மாதிரி பழைய செட்டுகளைத் தேடி வாங்குகிறவர்களுக்கு அவர் கடை வைத்திருந்தார். ஆயுத பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் கொண்டு வா, ஓடுவதை என் கண்ணால் பார்த்துவிட்டால் கடையில் ரிப்பேர் வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“தாயி, இது மட்டும் கெடைச்சிருச்சுன்னு வையி, மாமாவுக்குக் கொழுந்து வாசமே வேணாம். ஒன்னையக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போவேன்” என்றார். நான் கடலைப் பார்த்தது கிடையாது.

ஆயுத பூஜைக்கு அப்பா என்னை ஃபாக்டரிக்குக் கூட்டிப் போனார். இலை அரைக்கும் மிஷினுக்கு, கொழுந்து போகிற வாயில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஏன் அங்கே என்று கேட்டேன். “வாயில வச்சாத்தான் பிள்ளே வருசம் பூரா நிக்காம ஓடும்” என்றார் அப்பா.

வீட்டில் அம்மன் படத்துக்குக் கீழே என் பள்ளிப் புத்தகங்களோடு மாமாவின் செட்டும் கேசட்டுகளும் இருந்தன. மாமா செட்டின் தலையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்திருந்தார். எனக்கு அது போதவில்லை. அம்மா சுண்டல் தாளிக்கப் போன நேரத்தில் கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அடியில் செம்புக் கோடுகள் தெரிகிற திறந்த வாயில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். செட்டின் மூடியைத் தூக்கி, மாவிலையால் மஞ்சள் தண்ணீரை மூன்று தடவை உள்ளே நன்றாகத் தெளித்தேன். மாமாவுக்கு வேலை குடு ஆத்தா என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவ்வளவு உருகி நான் அதற்குப் பிறகு கும்பிட்டதில்லை.

பூஜையில் வைத்ததை எடுக்கும்வரை தொடக் கூடாது. மாமா தொடவில்லை. விஜயதசமி விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது. கேசட்டுகளை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தவளும் நான்தான்.

மறுநாள் சாயங்காலம் மழையில் நனைந்து வந்தார். செட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னாச்சு மாப்ள என்று அப்பா மூன்று தடவை கேட்டார்.

“வழியில தண்ணி பாட்டில் சாஞ்சிருச்சு மச்சான். நான் கவனிக்கல. பிளக்கைச் சொருகுனதும் பொகைஞ்சிருச்சு.”

“ஒனக்குக் கருத்துன்னு ஒண்ணு இருக்காலே? ஊரு ரேடியோவெல்லாம் ஒக்கிட்டு ஓட வச்சவன், ஒம் பொட்டியிலயே தண்ணிய ஊத்திட்டு வந்து நிக்கியே!”

அம்மா அழுதாள். மாமா செட்டைத் துணியில் சுற்றி மூலையில் வைத்தார். பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “அன்னைக்கு நல்லாக் கும்பிட்டியா தாயி?” என்று கேட்டார்.

“கும்பிட்டேன் மாமா. எல்லாத்துக்கும் வாயில பொட்டு வச்சேன். பொட்டிக்குள்ள தீர்த்தமும் தெளிச்சேன்” என்றேன், பெருமையாக.

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “நல்லது. ஆனா யார்ட்டயும் சொல்லாத. வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது.”

நான் சொல்லவில்லை. அந்த வாரமே மாமா மைதா பசை காய்ச்சி, தம் பத்திரிகைகளை ஏடு ஏடாகக் கிழித்து, குளிர்க்காற்று வருகிற சுவர் முழுக்க ஒட்டினார். கலர் கலராகப் படங்கள். நல்ல படமாக என் தலைமாட்டில் ஒட்டுங்க மாமா என்று கைதட்டிக்கொண்டு நின்றேன். ஒட்டினார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு டார்ச் லைட்டைக்கூடத் திறக்கவில்லை. கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போனார். கல்யாணம் கூடிவரவில்லை. பதினெட்டு வயதில் என் மொபைல் தண்ணீரில் விழுந்தது. ஈரத்தோடு சார்ஜில் போட்டால் உள்ளே எரிந்துபோகும் என்று கடைக்காரப் பையன் திட்டியபோதுதான், மாமாவின் செட்டை எரித்தது நான் தெளித்த தண்ணீர் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமாவிடம் போனேன். இருமிக்கொண்டே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு, சொல்லாமலே வந்துவிட்டேன். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று எட்டு வருஷம் போனது. நெஞ்சு கெட்டு மாமாவும் போய்விட்டார்.

சாவு வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். “தங்கமான கை. கருத்துதான் இல்ல. வந்த வாழ்வைத் தண்ணி ஊத்தி அணைச்ச பய.” அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நான் அப்போதும் பேசவில்லை. அம்மன் என்னை மன்னித்திருப்பாளா என்று கேட்கவே எனக்குப் பயம். தீபாராதனை காட்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் இன்றும் அந்தப் பேச்சுதான். அதனால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொல்வதாக இருந்தால், சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்று எனக்காக இரக்கப்பட்டு மாற்றிவிடாமல், இருக்கிறபடியே சொல்லுங்கள். எந்தப் பாட்டிலும் சாயவில்லை. கடையில் கேசட்டு வாயில் சந்தனத்தைப் பார்த்ததுமே மாமாவுக்குத் தெரிந்திருக்கும். வேண்டுதல் பலிக்கத்தான் மாமா என் வாயைக் கட்டினார் என்று அன்று நம்பினேன். பழியைத் தான் வாங்கிக்கொண்டு, அவர் தம் முதுகுக்குப் பின்னால் என்னை ஒளித்துவைக்கிறார் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.