கற்பகத்தின் விலை லைன்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை பேசாதவன் ஒன்று ஊமை, இல்லையென்றால் வெளியூர்க்காரன். அந்த விலையை, ஏலம் நடக்க நடக்க, வியாபாரிகளின் கடைத் திரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கற்பகத்தின் வேலை. ஏல நிறுவனத்தின் சர்வருக்கும் அவளுடைய கணினிக்கும் நடுவே ஒரு சாக்கெட் இணைப்பு திறந்தே இருக்கும். கேட்கவே வேண்டாம், விலை மாறினால் தானாக வந்து விழும். கணினிப் படிப்பு முடித்துவிட்டு, மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிற முத்துப்பாண்டியைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டவள். பிடிவாதக்காரி. எனக்கு அவளைப் பிடிக்கும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் அந்த லைன் அறத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும். மாலை ஏலம் சூடு பிடிக்கும்போது அறும், சேரும், மறுபடி அறும். மேலே எஸ்டேட்டும் வைத்திருக்கும் வியாபாரி ஜேசுதாஸ், திரையில் நின்றுபோன பழைய விலையை நம்பி நல்ல சரக்கு ஒன்றைக் கைநழுவ விட்டார். நேரில் வந்து கத்தினார்.

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா விலை லைன் வேலைய மதுரைக்காரனுக்குக் குடுத்துருவேன் தாயி. மத்த கடைக்காரவுகளும் என் பின்னாடி வந்துருவாக."

வருவார்கள்தான். அப்புறம் கற்பகம் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ரூட்டரை மாற்றினாள். மழையைத் திட்டினாள். பலனில்லை. சர்வர் வெளியே தள்ளும்போதெல்லாம் காரணம் சொல்லித்தான் தள்ளுகிறது. அவள் எழுதிய புரோகிராம் அதைக் காதில் வாங்காமல் மறுபடி கதவைத் தட்டுகிறது என்பது பிறகுதான் உறைத்தது. அவசரக்காரி எழுதினால் அப்படித்தான் இருக்கும். காரணத்தைப் பதிவு செய்யும்படி மாற்றினாள். அன்று மாலையே வந்து விழுந்தது: 'இதே சாவியோடு வேறொருவர் உள்ளே வந்துவிட்டார்.'

சாவி என்பது உள்ளே நுழைய நிறுவனம் அவளுக்குக் கொடுத்த ரகசிய எண்; ஒரு சாவிக்கு ஓர் இணைப்புதான் என்பது விதி. பஸ்ஸில் ஒரே சீட்டுக்குத் துண்டு போட்ட இரண்டு பேர் போல, அவளுடைய கணினியும் வேறு ஏதோ ஒன்றும் மாறி மாறித் தள்ளிக்கொண்டிருந்தன. அந்தச் சாவி இருந்த இன்னொரு இடம், அவள் முதலில் சோதித்துப் பார்த்த பழைய போன். இப்போது அது ஜீப்பில் கிடந்தது.

"மாமா, அந்தப் போன்ல என் ஆப்பத் தொறக்குறீகளா?"

"ஆமா. சாயங்காலம் ஜேசுதாஸ் எஸ்டேட்டுல இருந்து எறங்கயில வளைவுல டவர் கெடைக்கும்ல? அங்க நிறுத்தி, காய் எடுக்குற முனீஸ்வரி அக்காவும் மத்த பொம்பளைகளும் விலையப் பாப்பாக. பாத்துட்டுத்தான் நாளைக்கி என்ன கூலி கேக்குறதுன்னு பேசுவாக. ஏன், தப்பா?"

கற்பகத்துக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஊரெல்லாம் தேடிய திருடன் வீட்டுக்குள்! அழித்துவிடச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். விலை தெரியாதவர்களிடம், 'சந்தை சரியில்ல' என்று சொல்லியே கூலியை அமுக்கிவிடலாம். அவளுடைய அம்மா அதைக் கேட்டுக் கேட்டே காய் எடுத்தவள்.

எனவே வேலையை மாற்றிச் செய்தாள். இனி கணினி மட்டும் ஒற்றை இணைப்பில் விலையை வாங்கும். அதிலிருந்து கடைகளுக்கும் அந்தப் போனுக்கும் பிரிந்து போகும். நிறுவனத்திடம் அதற்கு அனுமதியும் வாங்கினாள். அதன்பிறகு லைன் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.

சில நாள் கழித்து ஜேசுதாஸ் போனில் வந்தார்.

"லைன் நல்லா ஓடுது தாயி. ஆனா காய் எடுக்குற பொம்பளைக கையிலயும் அதே விலை இருக்கு. நாப்பது ரூவா கூடக் கேக்குறாக. அந்தப் போனுக்கு மட்டும் நிறுத்த முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி. ஆனா நிறுத்த மாட்டேன்."

பட்டென்று வைத்துவிட்டார். கற்பகத்துக்குப் பயம்தான். ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை. காரணம் தெரிந்த பிறகு கதவைத் தட்டி என்ன ஆகப்போகிறது?

அன்று ஏலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவரே கூப்பிட்டார்.

"சரி, சரி. முப்பதுக்குப் பேசி முடிச்சிட்டேன். இன்னிக்கி லைன் அறாமப் பாத்துக்க."